புத்தளக் கரையோரத்தின் விளையாட்டுச் சாமான்கள்: வந்த வழிகளும் எஞ்சியவையும்

பிரித்தானிய நகரங்களில் பழைய பொம்மைகளையும் தகர வாகனங்களையும் தேடிச் சேர்ப்போர் முதலில் நுழைவது அறக்கடைகளுக்குள் ஆகும். மக்கள் தமக்கு வேண்டாத பொருட்களை இலவசமாகக் கொடுக்க, தொண்டர்கள் அவற்றைத் தரம் பிரித்து மலிவாக விற்று, கிடைக்கும் பணத்தை ஒரு தொண்டு நிறுவனத்தின் பணிக்குச் சேர்க்கும் கடையே அறக்கடை எனப்படுகிறது. 1942 இல் பஞ்ச நிவாரணக் குழுவாகத் தொடங்கிய ஒக்ஸ்பாம், 1940களின் இறுதியில் ஒக்ஸ்போர்ட் நகரின் புரோட் வீதியில் ஒரு கடையைத் திறந்த பின்னர், இத்தகைய கடைகள் அந்நாட்டின் கடைத்தெருக்களில் வழமையாயின. ஆயினும் அவற்றின் தட்டுகளில் ஐம்பது, அறுபது ஆண்டு வயதுடைய பொம்மை ஒன்று கிடைப்பதற்கு, பிள்ளைகள் வளர்ந்த பின்னும் அதை எறியாமல் வைக்க இடமுள்ள வீடும், அது துருவேறாமல் கிடக்க உலர்ந்த பரணும், புதியதை வாங்க இயலும் என்பதால் பழையதைக் கைவிட மனம் வருமளவுக்கு வருமானமும் முன்னரே இருந்திருக்க வேண்டும். இலங்கையின் வடமேற்கில், தெற்கே மா ஓயாவிலிருந்து வடக்கே புத்தளம் களப்பையும் கற்பிட்டித் தீபகற்பத்தையும் உள்ளடக்கி நீளும் கரையோரத்தில் இவை ஒருசேர அமைந்ததில்லை. அறக்கடை என்னும் அமைப்பும் அங்கு வேரூன்றவில்லை. இக்கரையின் பழைய விளையாட்டுச் சாமான்களின் வரலாற்றை அறிய முனைவோர், அவை கைமாறிய வேறு இடங்களை, குறிப்பாகத் திருவிழாக் கடைகளையும், வெளிநாட்டிலிருந்து திரும்பியோரின் பெட்டிகளையும், பழைய இரும்பு வாங்குவோரின் சாக்குகளையும் நோக்க வேண்டியுள்ளது.

கடைச் சாமான் வருமுன் பிள்ளைகளின் கைக்கு எட்டியவை தோப்பில் உதிர்ந்தவையே. குருணாகல், கம்பஹா மாவட்டங்களுடன் சேர்த்துத் தென்னை முக்கோணம் என்று வழங்கப்படும் நிலப்பரப்பின் மேற்கு விளிம்பாகப் புத்தளம் மாவட்டம் அமைந்திருப்பதால், முற்றாமல் உதிரும் குரும்பட்டியும், ஓலையும், ஈர்க்கும், சிரட்டையும் இங்கு விலையற்ற மூலப்பொருட்களாயின. குரும்பட்டிகளை ஈர்க்கால் கோத்துத் தேர் செய்வதும், ஓலையை மடித்துக் காற்றாடியும் பந்தும் ஊதுகுழலும் கைக்கடிகாரமும் பின்னுவதும், சிரட்டையில் மண்சோறு ஆக்குவதும், பனை நிற்கும் மணற்பாங்கான இடங்களில் நுங்கெடுத்த பனங்காய் இரண்டைக் கம்பால் இணைத்து வண்டி உருட்டுவதும் தமிழ் பேசும் கரையோரங்கள் எங்கும் உள்ள வழக்கங்கள் ஆதலால், அவற்றை இவ்வட்டாரத்துக்கே உரியவை என்று கொண்டாடுவதற்கில்லை. இங்கு கருத வேண்டியது அவற்றின் ஆயுளாகும். ஓலைப்பந்து மாலைக்குள் வாடும். குரும்பட்டித் தேர் மறுநாள் கறுக்கும். செய்யும் திறன் மூத்த பிள்ளையிடமிருந்து இளைய பிள்ளைக்குக் கைமாறியது, பொருள் கைமாறவில்லை. பழம்பொருள் சேகரிப்போரின் கண்ணுக்கு இந்த நீண்ட காலப்பகுதி முழுவதும் வெறுமையாகத் தோன்றுவது அதனாலேயே.

இதற்குச் சிறு விதிவிலக்கு குழிப்பலகை. தமிழர் பல்லாங்குழி என்றும், சிங்களவர் அதில் இடும் குன்றிமணியின் பெயரால் ஒலிந்த விளையாட்டு என்றும் வழங்கும் ஆட்டத்துக்குரிய இப்பலகை, வன்மரத்தில் குடையப்பட்டு, சில வேளைகளில் செதுக்கு வேலைப்பாடும் பெற்று, பெரியவர்களின் பொருளாகவே வீட்டில் இருந்தது. நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளராக இலங்கையில் பணியாற்றிய ஹென்றி பார்க்கர் 1909 இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய நூலில் இத்தீவின் விளையாட்டுகளுக்குத் தனி இடம் ஒதுக்கியமையும், அவர் ஆராய்ந்தவற்றுள் பலகையாட்டங்களே மிகுந்து நிற்பதும் தற்செயல் அல்ல. ஆய்வாளர் காண்பதற்கு நிலைத்திருந்தவை அவைதாம்.

காசு கொடுத்து வாங்கும் விளையாட்டுச் சாமான் இக்கரையின் பெரும்பாலான குடும்பங்களுக்கு ஆண்டில் ஓரிரு முறையே வாய்த்தது. அந்த ஓரிரு முறையும் திருவிழாவோடு பிணைந்திருந்தது. கற்பிட்டித் தீபகற்பத்தில் கடலோரமாக உள்ள தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தில் மார்ச் மாதத்தில் ஒன்றும் ஆகஸ்ட் மாதத்தில் ஒன்றுமாக இரு பெருவிழாக்கள் நடைபெறுகின்றன. இன்றுள்ள தேவாலயம் 1843 இல் நிறைவுற்றது. சிலாபத்துக்கு அருகே முன்னேஸ்வரம் சிவாலயத்தின் மகோற்சவம் ஏறத்தாழ நான்கு வாரங்கள் நீடித்து ஆவணி மாதத்தை ஒட்டித் தேரும் தீர்த்தமுமாக நிறைவுறும். மீனவர் ஊரான உடப்பில் திரௌபதி அம்மன் கோயில் தீமிதிப்பு ஆடி மாதத்தில் நிகழும். இவ்வாறு ஆடிக்கும் ஆவணிக்கும் இடைப்பட்ட சில கிழமைகளில், முழுவதும் சேர்த்தாலும் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும் கரையில், மூன்று பெருங்கூட்டங்கள் அடுத்தடுத்துக் கூடுகின்றன. இவ்வாலயங்களுக்கு வருவோர் ஒரு சமயத்தவர் மட்டுமே அல்லர்; தலவிலவில் இந்துக்களையும் பௌத்தர்களையும், முன்னேஸ்வரத்தில் சிங்கள பௌத்தர்களையும் காண்பது வழமை. பெருந்தொகையான மக்கள் நாட்கணக்கில் தங்கும் தலவிலவில் வழிபாட்டோடு சமையலும் உறக்கமும் வியாபாரமும் ஒரே மணலில் நடந்தன.

கச்சான் கடை, காப்புக் கடை, மாலையும் படமும் விற்கும் கடை ஆகியவற்றுக்கு நடுவே விளையாட்டுச் சாமான் கடை இடம்பெற்றது. வியாபாரிகள் ஒரு விழா முடிந்ததும் கொட்டிலைப் பிரித்துக்கொண்டு அடுத்த விழாவுக்கு நகர்ந்தமையால், ஒரே சரக்கு தேவாலய முன்றலிலும் கோயில் வீதியிலும் மாறிமாறி விரிக்கப்பட்டது. சமயம் எதுவாயினும் பிள்ளைகளின் கைக்குச் சென்ற ஊதுகுழலும் கிலுகிலுப்பையும் ஒன்றே என்பது, இக்கரையின் சமய எல்லைகளைப் பற்றி எழுதுவோர் கவனிக்க வேண்டிய உண்மையாகும். முஸ்லிம் ஊர்களில் நோன்புப் பெருநாளிலும் ஹஜ்ஜுப் பெருநாளிலும் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் கொடுக்கும் பெருநாள் காசு இதே வகைச் சாமான்களுக்குச் செலவானது. உருவப் பொம்மை பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு எனினும், நபியவர்களின் துணைவியார் ஆயிஷா பொம்மைகளுடன் விளையாடியமை ஹதீஸ் தொகுப்புகளில் பதிவாகியிருப்பதால், பிள்ளைகளின் பொம்மையை அனுமதிப்போர் அதனை ஆதாரமாகக் காட்டுவர்.

இக்கடைகளுக்குச் சரக்கு வந்த பாதை போக்குவரத்தின் வரலாற்றோடு இணைந்தது. கொழும்பையும் புத்தளத்தையும் இணைத்த கால்வாயும் மாட்டுவண்டித் தடமும் நெடுங்காலம் சுமை தாங்கின. பின்னர் இருப்புப்பாதை 1916 இல் சிலாபத்தையும் 1926 இல் புத்தளத்தையும் எட்டியது. அதன் பிறகு கொழும்புப் புறக்கோட்டையின் மொத்த வியாபாரியிடம் வாங்கிய பெட்டியை ஒரே நாளில் சிலாபத்தில் இறக்க முடிந்தது. கற்பிட்டிக்குப் புகையிரதம் செல்லாமையால், தலவில செல்லும் சரக்கு பாலாவிக்கு அப்பால் வீதிவழியே சென்றது.

அப்பெட்டிகளுக்குள் இருந்தவை உலகச் சந்தையின் மாற்றங்களை அப்படியே காட்டின. முதலாம் உலகப் போருக்கு முன்னர் விளையாட்டுச் சாமான் ஏற்றுமதியில் முதலிடம் வகித்தது ஜெர்மனி. நியூரம்பர்க் நகரத் தொழிலகங்கள் அச்சிட்ட தகரத்துக்குப் பெயர் பெற்றவை. மெல்லிய தகரத் தட்டில் நிறங்களை அச்சிட்டு, வெட்டி, மடித்து, ஓரத்து நாக்குகளை எதிர்த் துளைகளில் செருகி வளைத்து இணைக்கும் முறையே அச்சிட்ட தகர வேலை எனப்படுவது. பசையும் ஒட்டும் தேவைப்படாத இம்முறையால் மலிவான வாகனமும் விலங்கும் பெருந்தொகையில் உருவாயின. போருக்குப் பின் ஜப்பான் அவ்விடத்தை நோக்கி விரைந்தது. தகரத்தோடு செலுலோயிட் பொம்மைகளும் ஜப்பானிலிருந்து வந்தன. நைட்ரோசெலுலோசையும் கற்பூரத்தையும் சேர்த்துச் செய்யப்படும் செலுலோயிட், பீங்கான் போன்ற மினுமினுப்பும் மிகக் குறைந்த எடையும் உடையது. ஆனால் எளிதில் தீப்பற்றும், காலப்போக்கில் வெடித்து நொறுங்கும். 1950களின் பின்னர் ஹொங்கொங்கின் பிளாஸ்திக் சாமான்கள் இரண்டையும் ஓரங்கட்டின.

பழைய சாமானின் வயதை மதிப்பிடுவோர் முதலில் அதன் அடிப்பகுதியைப் பார்ப்பது இதனால்தான். வெளிநாட்டுச் சரக்கு உள்நாட்டுச் சரக்காக ஏமாற்றி விற்கப்படுவதைத் தடுக்கப் பிரித்தானியா 1887 இல் இயற்றிய வணிகக் குறிச் சட்டமும், 1890 இன் அமெரிக்கச் சுங்கச் சட்டமும், உற்பத்தி நாட்டின் பெயரைப் பொருளில் பொறிக்கும் வழக்கத்தை உலகெங்கும் நிலைநாட்டின. ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்யப்பட்டது என்னும் பொறிப்பு இருக்குமாயின் அப்பொருள் ஏறத்தாழ 1947 க்கும் 1952 க்கும் இடைப்பட்டது. பேரரசில் செய்யப்பட்டது என்று மட்டும் இருப்பின் அது பெரும்பாலும் ஹொங்கொங் சரக்கு. தீப்பெட்டி அளவுள்ள வார்ப்பு வாகனங்களுக்குப் பெயர்பெற்ற மெச்பொக்ஸ் வரிசை 1953 இல் தொடங்கியது ஆகையால், அப்பெயர் பொறித்த எதுவும் அதற்கு முந்தியது ஆகாது. கொழும்புச் சேகரிப்பாளருக்குப் பயன்படும் இவ்வறிவைப் புத்தளக் கரையில் பயன்படுத்துவதற்குப் பொருள் கிடைப்பதுதான் அரிது.

களப்பும் கால்வாயும் உள்ள ஊர்களுக்கு மிகவும் பொருந்தியது, தெற்காசியத் திருவிழாக் கடைகளில் நெடுங்காலமாக விற்கப்பட்டுவரும் தகர நீராவிப் படகு. தோமஸ் பியோ என்பவர் 1891 இல் பிரித்தானியாவில் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்த இப்படகில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. சிறு கொதிகலனுக்குக் கீழே மெழுகுதிரியோ எண்ணெய்த் திரியோ எரிய, உள்ளே உருவாகும் நீராவி குழாய்களிலுள்ள நீரைப் பின்புறமாகத் தள்ளுகிறது. நீராவி குளிர்ந்து ஒடுங்கியதும் வெளிநீர் மீண்டும் உறிஞ்சப்படுகிறது. தள்ளப்படும் நீர் ஒரே திசையில் பாய்வதாலும், உறிஞ்சப்படும் நீர் எல்லாப் பக்கமிருந்தும் வருவதாலும் படகு முன்னே நகர்கிறது. கொதிகலனின் மெல்லிய மேற்தகடு உள்ளும் புறமும் வளைவதால் டப டப என்று ஒலி எழுகிறது. நன்னீரில் ஓரளவு தாக்குப்பிடிக்கும் இத்தகரம் உவர்நீரில் விரைவில் துருவேறும். தகரப் படகுக்கு மிக உகந்த நீர்ப்பரப்பே அதன் ஆயுளையும் குறைத்தது என்று சொல்லலாம்.

1960களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாக இறக்குமதி படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 இல் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்க அரசின் காலத்தில் உணவுக்கும் துணிக்குமே வரிசையில் நிற்க நேர்ந்தமையால், வெளிநாட்டுப் பொம்மை என்பது நினைத்துப் பார்க்க முடியாத ஒன்றாயிற்று. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை நீடித்த இவ்விடைவெளியில் பால்மாத் தகரமும், சோடாப் போத்தல் மூடியும், தேய்ந்த இறப்பர்ச் செருப்பை வட்டமாக வெட்டிய சில்லும் பிள்ளைகளின் வாகனங்களாயின. முன்னர் வாங்கிய பொம்மையோ வாகனமோ ஒரு வீட்டில் எஞ்சியிருப்பின், அது அண்ணனிடமிருந்து தம்பிக்கும், பெரியம்மா வீட்டிலிருந்து சின்னம்மா வீட்டுக்கும் சென்று, உடைந்து சில்லும் கையும் இழந்து, முற்றாகத் தேயும் வரை பயன்பட்டது. பற்றாக்குறைக் காலம் பொருட்களைக் காப்பாற்றும் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. விளையாட்டுச் சாமான்களைப் பொறுத்தவரை இக்கரையில் அது அவற்றை இறுதிவரை செலவழித்தது என்பதே சரி.

காப்பாற்றியது அதற்குப் பின் வந்த வெளிநாட்டுப் பணம். 1973 இன் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பின்னர் வளைகுடா நாடுகளில் வேலைவாய்ப்புப் பெருகியபோது இம்மாவட்டத்திலிருந்து ஆண்களும், பின்னர் வீட்டுப் பணிக்குப் பெண்களும் பெருமளவில் சென்றனர். 1970களின் இறுதியிலிருந்து கத்தோலிக்கத் திருச்சபைத் தொடர்புகளின் வழியே வென்னப்புவ, மாரவில பகுதியினர் இத்தாலி செல்லத் தொடங்கினர். இத்தாலியப் பாணி வீடுகள் நிறைந்த வென்னப்புவ சின்ன இத்தாலி என்றே பெயர் பெற்றுவிட்டது. ஈராண்டு ஒப்பந்தம் முடிந்து குவைத்திலிருந்தோ சவுதியிலிருந்தோ திரும்பும் தாய், பிரிந்திருந்த பிள்ளைக்கென்று கொணரும் பொன்னிறக் கூந்தல் பொம்மை பெரும்பாலும் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேரவில்லை. பொலித்தீன் உறை கழற்றப்படாமலே அது முன்அறைக் கண்ணாடி அலுமாரியில், தேநீர்க் கோப்பைகளுக்கும் குடும்பப் படங்களுக்கும் நடுவே வைக்கப்பட்டது. அதனைப் போலி ஆடம்பரம் என்று எள்ளி நகையாடுவது எளிது. அந்தத் தாயின் உழைப்புக்கு வீட்டில் எஞ்சிய கண்கூடான சான்று அதுவாக இருந்தபடியால், விளையாடி உடைக்க அனுமதிக்காத குடும்பத்தின் நியாயத்தையும் ஏற்கத்தான் வேண்டும். விளைவு என்னவெனில், 1980களின் பொம்மைகளே இக்கரையில் பழுதின்றிக் கிடைக்கக்கூடிய மிகப் பழைய கடைச் சாமான்களாயின.

இத்தாலியிலிருந்து வருபவை வேறு வகை. அங்கு வீட்டுப் பணியும் முதியோர் பராமரிப்பும் செய்வோர், முதலாளி வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்து கைவிட்ட சாமான்களையும் கப்பலில் அனுப்பும் பெட்டிகளில் சேர்த்து அனுப்புவது உண்டு. அறக்கடைக்குச் சென்றிருக்கக் கூடிய பொருள், விற்பனை என்னும் படியைத் தாண்டாமலே உறவினர் வீட்டுக்கு வந்து சேர்கிறது. உள்ளூர்க் கத்தோலிக்கப் பங்குகளில் இயங்கும் புனித வின்சென்ட் டி போல் சபை, 1833 இல் பாரிஸ் நகரில் பிரெடெரிக் ஒசானாம் முதலியோரால் தொடங்கப்பட்ட ஏழைகளுக்கு உதவும் பொதுநிலையினர் அமைப்பு ஆகும். இத்தகைய அமைப்புகளின் கையால் பகிரப்படும் பழைய பொருட்களுக்கும் விலை குறிக்கப்படுவதில்லை. விலை குறிக்கப்படாத பொருளுக்கு வயது கேட்பார் இல்லை.

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அவர்களுள் பெரும்பகுதியினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் சுற்றூர்களிலும் கிடுகுக் கொட்டில்களில் தஞ்சமடைந்தனர். எடுத்துச் செல்லக்கூடிய பணமும் உடைமையும் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்ததால், தலைமுறைவழி வீட்டுப் பொருட்கள் யாவும் கைவிடப்பட்டன. மாவட்டத்தின் மக்களில் கணிசமான ஒரு பகுதியினரின் வீட்டுப் பொருள் வரலாறு அந்த ஆண்டிலிருந்தே தொடங்குகிறது என்பதை, இங்கு பழம்பொருள் தேடுவோர் மனத்தில் கொள்ள வேண்டும்.

எஞ்சியவற்றையும் கடற்காற்று விட்டுவைக்கவில்லை. உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற புத்தளத்தில் உப்பு விளைவதற்கு உதவும் வெயிலும் காற்றும் தகரத்துக்கும் ஆணிக்கும் பகை. துணிப் பொம்மையைக் கறையான் தின்றது. துருவேறிய தகரத்தைப் பழைய இரும்பு, போத்தல் வாங்குவோர் நிறுத்து எடுத்துச் சென்றனர். தராசில் மெழுகுதிரிப் படகுக்கும் ஓட்டை வாளிக்கும் ஒரே விலை. தமிழ்நாட்டில் நவராத்திரிக் கொலு, பொம்மைகளை ஆண்டுக்கொரு முறை எடுத்துத் துடைத்து வைத்து மீண்டும் துணி சுற்றிப் பெட்டியில் அடுக்கும் கடமையைக் குடும்பத்தின் மீது சுமத்தியதால், அங்கு மூன்று தலைமுறைப் பொம்மைகள் வாழ்கின்றன. கும்பம் வைத்து நவராத்திரி கொண்டாடும் இலங்கைத் தமிழரிடையே கொலு பரவலாக இல்லை. அதற்கு ஒப்பான பாதுகாப்பு இக்கரையில் கத்தோலிக்கரின் பாலன் குடிலுக்கு வாய்த்தது: நத்தாரின்போது அமைக்கும் குடிலில் வைக்கப்படும் மாடு, ஆடு, இடையர், அரசர் உருவங்கள் ஆண்டுதோறும் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டுத் திரும்ப வைக்கப்படுவதால், கால் முறிந்த ஆட்டுக்குட்டியும் பல பத்தாண்டுகள் நிலைக்கிறது. அவை விளையாட்டுச் சாமான் அல்ல என்பது உண்மையே. ஆனால் பிள்ளைகள் தொட ஆசைப்பட்டுத் தடுக்கப்பட்டவை என்ற வகையில் அலுமாரிப் பொம்மைக்கு அவை உறவு.

கதையின் எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. மாதம்பையில் 1970களில் தொடங்கப்பட்ட கொஸ்பல் ஹவுஸ் என்னும் கைப்பணி நிறுவனம், உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றி மரப் புதிர்களும் விளையாட்டுச் சாமான்களும் செய்து, நியாய வணிகக் கடைகளின் வழியே வெளிநாடுகளில் விற்றது. உற்பத்தியாளருக்கு உரிய கூலி கிடைப்பதை உறுதிசெய்து, இடைத்தரகரைக் குறைத்து விற்பதே நியாய வணிகம். ஒக்ஸ்பாம் 1960களில் ஏழை நாடுகளின் கைவினைப் பொருட்களைத் தன் கடைகளில் வைக்கத் தொடங்கியமை இதன் முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. பால் வற்றியபின் வெட்டப்படும் இறப்பர் மரம் இலங்கையின் மர விளையாட்டுச் சாமான் தொழிலுக்கு மலிவான, உறுதியான மூலப்பொருளாயிற்று. அத்தகைய மரச் சாமான்களை வாங்கிய வெளிநாட்டுப் பிள்ளைகள் இன்று நடுவயதினர். அவர்கள் வீட்டில் ஒதுக்கப்படும் மர யானையும் எழுத்துப் புதிரும் அங்குள்ள அறக்கடைகளுக்குச் செல்வது இயல்பு. ஆகவே புத்தளக் கரையில் செய்யப்பட்ட பழைய விளையாட்டுச் சாமானைத் தேடுவோருக்குப் புத்தளத்தை விட அயல்நாட்டு அறக்கடையே உகந்த இடமாக இருக்கக் கூடும்.

அண்மைக் காலத்தில் கொழும்பிலும் நீர்கொழும்பு வீதியிலும் ஜப்பானிலிருந்து கொள்கலன்களில் வரும் பாவித்த சாமான்களை விற்கும் கடைகள் தோன்றியுள்ளன. அங்கு பீங்கானுக்கும் துவிச்சக்கரவண்டிக்கும் இடையில் பழைய பொம்மைகளும் கிடைக்கின்றன. வாங்குவோர் அவற்றைப் பிள்ளைகளிடம் கொடுக்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டும்: பழைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் கலந்திருப்பது பொதுவானது, செலுலோயிட்டை விளக்கருகே வைத்தல் ஆகாது. அவை அலுமாரிக்கு உரியவை.

கண்ணாடி அலுமாரிகளின் காலமும் முடிந்துகொண்டிருக்கிறது. வீடுகள் மாற்றிக் கட்டப்படும்போது முதலில் வெளியேறுவது அவைதாம். அவற்றைக் காலி செய்யும் குடும்பத்தினர், பொம்மையைக் கொணர்ந்தவர் யார், எந்த நாட்டில், எந்த ஆண்டில் வாங்கினார், யாருக்கென்று வாங்கினார் என்பவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதன் உறைக்குள் இட்டு வைப்பார்களாக. பங்குக் குருமாரும் பாடசாலை வரலாற்று ஆசிரியர்களும், தலவிலவிலும் முன்னேஸ்வரத்திலும் உடப்பிலும் கடை விரித்த முதிய வியாபாரிகள் இருக்கும்போதே, சரக்கு எங்கு வாங்கப்பட்டது, எவ்விலைக்கு விற்றது என்பதைக் கேட்டுப் பதிவு செய்வார்களாக.